வீட்டுச் சுவருக்கு அப்பால் ஆலை விரிவடையும்போது: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தெற்கு டர்பனில் எங்கள் வீட்டின் பின்சுவரைத் தாண்டி நாற்பது அடி நடந்தால் ஓர் ஆலையின் வேலி வந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த ஆலை தன் கிடங்கையும் சரக்கேற்றும் தளத்தையும் பெரிதாக்க விண்ணப்பித்தது. அந்தச் செய்தி எங்களுக்குத் தாமதமாகத்தான் எட்டியது. எட்டிய பின் நாங்கள் செய்தவற்றிலும் பாதி தவறாகிப் போயிற்று. மெரிபேங்க், இசிபிங்கோ, ஜேக்கப்ஸ், மொபேனி போன்ற பகுதிகளில் ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு தெருவோ ஒரு சுவரோதான் இருக்கிறது என்பதால், இதே நிலை அடுத்து வேறொரு தெருவுக்கு வரும். இந்தியாவிலிருந்து அண்மையில் வந்து வாடகைக்குக் குடியேறியவர்களும், பல தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்தும் அரசு அலுவலகக் கடிதங்களைக் கண்டால் ஒதுக்கி வைத்துவிடுபவர்களும் பயன்படுத்தக்கூடிய வகையில் இதை எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். கோப்புகளோடு பதினெட்டு மாதங்கள் அலைந்தவன், அவ்வளவுதான்.

1. எத்தனை கோப்புகள் என்பதை முதலில் அறியுங்கள்

எங்கள் தவறுகளுக்கெல்லாம் மூலம் இதுதான். “ஆலை விரிவாக்கம்” என்று நாம் ஒற்றைச் சொல்லில் பேசினாலும், அலுவலகங்களில் அது இரண்டு அல்லது மூன்று தனித்தனிக் கோப்புகளாக நடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி அதிகாரி, தனி நோட்டீஸ், தனிக் கெடு உண்டு. ஒன்றில் நீங்கள் கொடுத்த ஆட்சேபம் மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது.

முதலாவது, நகரத் திட்டக் கோப்பு. நில மண்டலத்தை மாற்றுவதற்கோ சிறப்பு இசைவு பெறுவதற்கோ டர்பனை ஆளும் எதெக்வினி மாநகராட்சியிடம் ஆலை கொடுக்கும் விண்ணப்பம் இது. இங்குள்ளவர்கள் ‘ஸ்ப்லூமா’ என்று சுருக்கமாகச் சொல்லும், நிலப் பயன்பாட்டுக்கான 2013ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டமும், மாநகராட்சியின் சொந்தத் துணைவிதிகளும் இதை ஆள்கின்றன. மாநகராட்சியின் திட்டமிடல் அலுவலகம் கே.இ. மசிங்கா சாலை 166ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது.

இரண்டாவது, சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்பு. இது ‘நீமா’ எனப்படும் 1998ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டத்தையும் 2014ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகளையும் சார்ந்தது. பெரும்பாலான ஆலைகளுக்கு குவாசுலு-நடால் மாகாணத்தின் பொருளாதார வளர்ச்சி, சுற்றுலா, சுற்றுச்சூழல் துறையே முடிவெடுக்கிறது. எல்லா விரிவாக்கத்துக்கும் இந்த அனுமதி தேவைப்படாது. அபாயகரமான பொருள்களைச் சேமிக்கும் கொள்ளளவு 80 கனமீட்டருக்கு மேல் கூடினால் தேவை. விரிவாக்கத்தால் காற்று அல்லது கழிவுநீர் உரிமத்தைத் திருத்த வேண்டிய நிலை வந்தாலும் தேவை. விண்ணப்பத்தில் 79 கனமீட்டர் என்ற எண்ணைக் கண்டால், அடுத்த கட்டம் என்று ஒன்று திட்டத்தில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். புதிதாக 500 கனமீட்டருக்கு மேற்பட்ட சேமிப்பு அமைத்தால், விரிவான இருகட்ட ஆய்வே நடத்த வேண்டும்.

மூன்றாவது, காற்று உமிழ்வு உரிமம். கொதிகலன், உலை, இரசாயன உற்பத்தி போன்றவற்றில் காற்றுத் தரச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றுக்கு மட்டுமே இது வேண்டும். டர்பனில் இந்த உரிமத்தை மாநகராட்சியே வழங்குகிறது. விண்ணப்பதாரர் அப்பகுதியில் விற்பனையாகும் குறைந்தது இரண்டு நாளிதழ்களில் இதற்கு அறிவிப்பு வெளியிட வேண்டும்.

இந்த மூன்றில் எவை உங்கள் ஆலைக்குப் பொருந்தும் என்பதை மாநகராட்சிக்கும் மாகாணத் துறைக்கும் தனித்தனியே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதிலை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

2. நோட்டீஸைத் தேடிப் போங்கள்

நோட்டீஸ் நம்மைத் தேடி வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். சுற்றுச்சூழல் விதிகளின்படி, குறைந்தது 60 சென்டிமீட்டருக்கு 42 சென்டிமீட்டர் அளவுள்ள அறிவிப்புப் பலகையைப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் வைக்க வேண்டும். அடுத்துள்ள நிலங்களின் உரிமையாளர்களுக்கும் குடியிருப்போருக்கும், வார்டு கவுன்சிலருக்கும், அப்பகுதியில் வரி செலுத்துவோர் சங்கம் இருந்தால் அதற்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். உள்ளூர் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். எங்கள் ஆலையின் பலகை லாரிகள் நுழையும் கிழக்கு வாயிலில் கட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் குடியிருப்பவர் ஒருவரும் நடந்து போவதில்லை. பேருந்தைத் தவறவிட்டு அந்த வழியே நடந்து வந்த என் மைத்துனர்தான் அதைப் பார்த்துச் சொன்னார்.

பலகையைக் கண்டதும் அன்றைய தேதி தெரியும்படி படம் எடுங்கள். பலகை முழுவதும் ஒரு படம், அது நிற்கும் இடம் தெரியும்படி தெருவின் இக்கோடியிலிருந்து ஒரு படம். பலகை சட்டப்படி வைக்கப்பட்டதா என்ற கேள்வி பின்னால் எழுந்தால், கையில் இருக்கும் சான்று இதுதான். அதில் உள்ள விண்ணப்ப எண், சுற்றுச்சூழல் அறிக்கையைத் தயாரிக்கும் மதிப்பீட்டாளரின் பெயர், கடைசித் தேதி ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. நாள்களை நீங்களே எண்ணுங்கள்

சுற்றுச்சூழல் அறிக்கையின் மீது கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள்கள் தர வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாளே முதல் நாள். கடைசி நாள் சனி, ஞாயிறு அல்லது பொது விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள் வரை நீளும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரையுள்ள நாள்கள் கணக்கில் சேரா. ஆகவே நவம்பர் 30 அன்று அறிவிப்பு வந்தால், டிசம்பர் 14 வரை பதினான்கு நாள்கள் கழியும்; மீதிப் பதினாறு நாள்கள் ஜனவரி 6 அன்று தொடங்கி 21 அன்று முடியும்.

நாங்கள் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. இந்த டிசம்பர் விலக்கு சுற்றுச்சூழல் விதிகளுக்கு உரியது. அதை யாரோ சொல்லக் கேட்டு, நகரத் திட்டக் கோப்புக்கும் அப்படித்தான் என்று நாங்களே முடிவுகட்டி, விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது திட்டக் கோப்பின் கெடு முடிந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. தாமதத்தை மன்னிக்கக் கேட்ட எங்கள் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. திட்டக் கோப்பைப் பொறுத்தவரை நோட்டீஸில் அச்சிட்டிருக்கும் தேதி ஒன்றையே கெடுவாகக் கொள்ளுங்கள். அதற்கும் மூன்று நாள்கள் முன்னதாகவே ஆட்சேபத்தைச் சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று: முறையான விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு வரைவு அறிக்கையைச் சுற்றுக்கு விட்டுக் கருத்துக் கேட்பதுண்டு. அதற்கு எழுதிவிட்டோம் என்று ஓய்ந்துவிடாதீர்கள். விண்ணப்பம் பதிவான பின் வரும் அறிக்கைக்கும், முன்னர் எழுதியதையே சேர்த்தாவது, மீண்டும் எழுதுங்கள்.

4. உங்கள் பெயரைப் பட்டியலில் ஏற்றுங்கள்

சுற்றுச்சூழல் கோப்பில் ‘அக்கறையுள்ளோர், பாதிக்கப்படுவோர்’ பட்டியல் ஒன்றை மதிப்பீட்டாளர் வைத்திருக்க வேண்டும். அதில் பெயர் இருந்தால்தான் அடுத்தடுத்த அறிக்கைகளும் இறுதி முடிவும் உங்களுக்கு அனுப்பப்படும். வீட்டுச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றோ, இந்நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. வேலை விசாவில் வந்து வாடகை வீட்டில் இருப்பவரும் பதிவு செய்யலாம். எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள் “நமக்கு எதற்கு வம்பு, விசா புதுப்பிக்க வேண்டுமே” என்று ஒதுங்கிக்கொண்டன. அந்த அச்சம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஆட்சேபம் எழுதியதால் எங்களில் எவருக்கும் விசாவில் சிக்கல் வரவில்லை.

பதிவுக்குச் சிறிய மின்னஞ்சல் போதும். பெயர், முகவரி, தொடர்பு எண், விண்ணப்ப எண், ஆலையிலிருந்து வீட்டின் தொலைவு ஆகியவற்றை எழுதுங்கள். விண்ணப்பத்தில் உங்களுக்குப் பணத் தொடர்போ தொழில் தொடர்போ இருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். உறவினர் அதே ஆலையில் வேலை செய்தாலும் மறைக்காதீர்கள். முகவரிச் சான்றாக மின்சார, தண்ணீர்க் கட்டண ரசீதையோ வாடகை ஒப்பந்தத்தின் படியையோ இணைக்கலாம். நீங்கள் அனுப்பும் கடிதங்கள் பின்னர் அறிக்கையின் பின்னிணைப்பாக வெளியாகும் என்பதால், தொலைபேசி எண்ணை மறைத்து வெளியிடும்படி முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கோயில் மண்டபத்தில் 180 பேரிடம் கையெழுத்து வாங்கி ஒரே மனுவாக நாங்கள் கொடுத்தோம். பட்டியலில் ஏறியது ஒரே பெயர், அதுவும் மனுவைக் கொண்டுபோன என் பெயர். மனு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு பத்துக் குடும்பங்களாவது தனித்தனியாக எழுதட்டும். மனுவில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் எதிரே முகவரியும் மின்னஞ்சலும் இருக்கட்டும்.

5. ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள்

அறிக்கை 600 பக்கம் இருக்கலாம். அதன் சுருக்கம் விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவே படும், ஆகவே முதலில் பின்னிணைப்புகளுக்குப் போங்கள். தளத்தின் வரைபடம், போக்குவரத்து ஆய்வு, இரைச்சல் ஆய்வு, காற்றுத் தர ஆய்வு, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டம் ஆகிய ஐந்தையும் தேடி எடுங்கள். எரியக்கூடிய பொருள் இருந்தால் பெரும் அபாய நிலையங்களுக்கான இடர் மதிப்பீட்டையும் கேளுங்கள். 2021 ஜூலையில் டர்பனின் வடக்கே கொர்னுபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்த பிறகு, அந்தக் கேள்வியை யாரும் மிகை என்று சொல்வதில்லை.

அறிக்கையைத் தயாரித்தவர் சுதந்திரமானவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஊதியம் தருவது விண்ணப்பதாரர் என்பது நடைமுறை. 2022 ஆகஸ்டிலிருந்து இவர்கள் ‘ஈயாப்சா’ என்ற மதிப்பீட்டாளர் அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் பதிவேட்டில் பெயரைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும்.

கேட்ட ஆவணத்தைத் தராமல் இழுத்தடித்தால், 2000ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. எல்லோரும் ‘பாயா’ என்பார்கள். படிவம் 2ஐ நிரப்பி, சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2021இல் வெளியான கட்டண அட்டவணையின்படி அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 100 ராண்ட், படியெடுக்க ஏ4 பக்கத்துக்கு 1.50 ராண்ட். பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. அந்த 30 நாளும் கருத்துச் சொல்வதற்கான 30 நாளும் ஒன்றாக ஓடுவதால், பாயா விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போடாவிட்டால் அதனால் பயனில்லை.

ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் முதியவர்கள் வீட்டில் இருந்தால் அதை எழுதித் தெரிவியுங்கள். எழுத்தறிவின்மை, உடற்குறை போன்ற காரணங்களால் பங்கேற்க முடியாதவர்களுக்கு வேறு பொருத்தமான வழி செய்ய வேண்டும் என்று விதியே சொல்கிறது. நாங்கள் கேட்ட பிறகு மதிப்பீட்டாளரின் உதவியாளர் வந்து என் தாயாரின் வாய்மொழியை எழுதிக்கொண்டு போனார்.

6. ஆட்சேபத்தை எழுதும் முறை

“எங்களுக்கு இந்த ஆலை வேண்டாம்” என்ற ஒற்றை வரிக்கு “கருத்து பதிவு செய்யப்பட்டது” என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். அறிக்கையின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, ஒரு பத்திக்கு ஒரு கேள்வி என்ற கணக்கில் எழுதினால், ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டாளர் தனியே பதில் எழுத நேரும். அந்தப் பதில்கள் கோப்பிலேயே தங்கும். மேல்முறையீட்டில் உங்களுக்கு அவையே கைமுதல்.

எங்கே பார்ப்பது? முதலில் ஆய்வு நடந்த தேதிகளைப் பாருங்கள். எங்கள் ஆலையின் போக்குவரத்துக் கணக்கெடுப்பு பள்ளி விடுமுறையில் இரண்டு நாள்கள் நடந்திருந்தது. காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிடும் கார்கள் ஒன்றுகூட அதில் இல்லை. இரைச்சலைப் பகலில் மட்டும் அளந்திருந்தார்கள், விண்ணப்பமோ இருபத்துநான்கு மணி நேர வேலைக்கு. தென்னாப்பிரிக்கத் தர நிர்ணயம் எண் 10103, போக்குவரத்துக் குறைந்த புறநகர்க் குடியிருப்புக்குப் பகலில் 50, இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை 40 டெசிபல் என்று வகுத்திருக்கிறது. ஆலைகள் உள்ள வட்டாரத்துக்கு அதே அட்டவணையில் 70, 60 என்று இருக்கிறது. உங்கள் தெருவை எந்த வகையில் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே பாதி வேலை. எங்களைத் தொழில் வட்டாரத்தில் சேர்த்திருந்தார்கள்.

தூசுக்கும் எல்லை உண்டு. 2013ஆம் ஆண்டின் விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நாளைக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் தூசு படியக் கூடாது. இது 30 நாள் சராசரி. காற்றின் நிலையை அறிய, அரசு நடத்தும் தென்னாப்பிரிக்கக் காற்றுத் தரத் தகவல் அமைப்பின் இணையப் பக்கத்தில் கண்காணிப்பு நிலையங்களின் அளவீடுகள் கிடைக்கின்றன. அறிக்கை பயன்படுத்திய காற்றுத் திசை எந்த ஆண்டுக்கு உரியது, எந்த நிலையத்தில் பதிவானது என்று கேளுங்கள். டர்பன் கடலோரத்தில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். ஆகவே உங்கள் வீடு ஆலைக்கு எந்தப் பக்கம் என்பது முக்கியம். குளிர்காலக் காலைகளில் புகை மேலே எழாமல் தங்கிவிடுவதை அறிக்கை கணக்கில் எடுத்ததா என்றும் கேட்கலாம்.

உங்கள் பங்குக்கு ஒரு நாட்குறிப்பு வைத்திருங்கள். தேதி, நேரம், நாற்றமா இரைச்சலா, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம் என்று ஐந்து கட்டங்கள் போதும். ஆறு வாரம் விடாமல் எழுதிய நாட்குறிப்பை, காவல் நிலையத்தில் பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்துச் சான்றொப்பம் பெறலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைக்கு ஆஸ்துமா இருந்தால் கிளினிக் அட்டையின் படியை இணைக்கத் தோன்றும். அது பொதுக் கோப்பில் போய்விடும் என்பதால், மருத்துவரின் இரண்டு வரிக் கடிதம் போதும் என்பது என் கருத்து.

கடைசிப் பகுதியில், “அனுமதி தருவதானால்” என்று தொடங்கி நிபந்தனைகளைக் கேளுங்கள். எங்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. தோல்வியை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது என்றார்கள். கடைசியில் எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் அந்தப் பகுதியிலிருந்து வந்தவைதான்: இரவு பத்துக்குப் பிறகு லாரி வரக் கூடாது, சரக்கேற்றும் தளம் கிழக்குப் பக்கம் மாற வேண்டும், வீடுகளின் பக்கம் இரைச்சல் தடுப்புச் சுவர் எழ வேண்டும்.

7. கூட்டத்துக்குப் போங்கள், கையெழுத்தும் போடுங்கள்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டால் சம்மதித்ததாகிவிடும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சுப் பரவி, வந்தவர்களில் பாதிப்பேர் கையெழுத்திடாமல் போய்விட்டார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. கூட்டத்துக்கு வந்தவர்களின் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெயரை விளங்கும்படி எழுதுங்கள், பக்கத்தைப் படமெடுங்கள். வாயால் கேட்டதை மறுநாளே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கூட்டக் குறிப்பில் உங்கள் கேள்வி சுருங்கிப்போயிருக்கும்.

8. காத்திருக்கும் காலமும் மேல்முறையீடும்

எளிய மதிப்பீட்டில், விண்ணப்பம் பதிவான 90 நாளுக்குள் அறிக்கை துறைக்குப் போக வேண்டும். துறை 107 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். இருகட்ட ஆய்வில் எல்லாக் கட்டங்களையும் கூட்டினால் 300 நாள் ஆகும். இடையில் விடுமுறை விலக்கும் நீட்டிப்பும் சேரும்.

முடிவு வெளியான 14 நாளுக்குள் பட்டியலில் உள்ளவர்களுக்கு விண்ணப்பதாரர் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வந்ததிலிருந்து 20 நாளுக்குள் மாகாண அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கான படிவத்தை மேல்முறையீட்டு அதிகாரியிடம் கேட்டு வாங்கி, விண்ணப்பதாரருக்கும் ஒரு படி அனுப்புங்கள். அந்தப் படியை மறந்ததால் எங்களுக்கு ஒரு வாரம் வீணாயிற்று. நீமா சட்டத்தின்படி, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படும். ஆகவே அந்த நாள்களில் மண் தோண்டக் கண்டால் உடனே எழுதுங்கள். அனுமதியே பெறாமல் வேலை தொடங்கியிருந்தால் அது அதே சட்டத்தின் ‘24ஜி’ பிரிவில் வரும். அபராதம் ஒரு கோடி ராண்ட் வரை போகலாம்.

நகரத் திட்டக் கோப்பில் மாநகராட்சித் திட்டமிடல் தீர்ப்பாயத்தின் முடிவுக்கு எதிரான முறையீடு 21 நாளுக்குள் மாநகராட்சி மேலாளரிடம் போய்ச் சேர வேண்டும். இங்கே 21, அங்கே 20. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதால் குழப்பிக்கொள்ளாதீர்கள். திட்ட முறையீட்டுக்குக் கட்டணம் உண்டா என்பதை முதல் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

நீதிமன்றம் வேறு உலகம். நிர்வாக முடிவை எதிர்த்து வழக்குப் போட, உள்முறையீடு முடிந்த நாளிலிருந்து 180 நாளைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் டர்பனில் உள்ள சட்ட வள மையத்தையோ தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டமைப்பையோ அணுகிப் பாருங்கள். எங்கள் மொத்தச் செலவு, படிகள், பதிவுத் தபால், பேருந்து எல்லாம் சேர்த்து, தெருவில் வீட்டுக்கு நூறு ராண்டைத் தாண்டவில்லை. தனியாக இரைச்சல் நிபுணரை அமர்த்த விசாரித்தபோது அவர் கேட்ட தொகையைக் கேட்டு எழுந்து வந்துவிட்டோம்.

9. அனுமதி வந்த பிறகு

எங்கள் மேல்முறையீடு தள்ளுபடியானது. அதோடு விட்டுவிடாமல் அனுமதிக் கடிதத்தின் முழுப் படியையும் மேலாண்மைத் திட்டத்தையும் வாங்கி வைத்திருங்கள். நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று அனுமதி பெற்றவர் குறித்த இடைவெளியில், அதிகம் போனால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, தணிக்கை செய்ய வேண்டும். அறிக்கையைத் துறைக்குக் கொடுத்த ஏழு நாளுக்குள் பட்டியலில் உள்ளவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். முகவரி மாறினால் அதற்காகவாவது எழுதித் தெரிவியுங்கள்.

எங்கள் அனுமதிக் கடிதத்தின் ஒரு படி கோயில் அலுவலக அலமாரியில், காவடி வரவுசெலவுக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு லாரிச் சத்தம் கேட்டால், வண்டி எண்ணோடு அந்த நிபந்தனையின் பத்தி எண்ணையும் எழுதித்தான் துறைக்கு அனுப்புகிறோம். முன்பெல்லாம் மூன்று வாரம் கழித்து வந்துகொண்டிருந்த பதில் இப்போது மூன்று நாளில் வருகிறது.